மகளுக்குப் பல் கிளிப் போட்ட கணக்கு: இன்சூரன்ஸ் தந்ததும் நாங்கள் கட்டியதும்

பெரியவளுக்கு 2022 ஜூனில் கிளிப் மாட்டினோம். 2024 செப்டம்பரில் கழற்றினார்கள். இப்போது பல் நகராமல் பிடித்து வைக்கிற ரிடெய்னரை ராத்திரியில் மட்டும் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். மாட்டிய வாரமே எழுதியிருந்தால் விலையை மட்டும்தான் சொல்லியிருப்பேன். எது சொன்னபடி வந்தது, எது சொல்லாமல் வந்தது என்பது முழுசாக ஒரு சுற்று முடிந்த பிறகுதான் தெரிகிறது.

அவளுக்குத் தெத்துப்பல். "அது லட்சணம்தானே, விடு" என்று மாமியார் சொன்னார். ஆனால் விஷயம் அழகு இல்லை. வாயை மூடினால் கீழ்ப்பற்கள் மேல் அண்ணத்தில் இடித்து அடிக்கடி புண்ணாகிக்கொண்டிருந்தது. அதனால்தான் இன்சூரன்ஸ் கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்பினேன். வலியும் புண்ணும் இருக்கிறது, இது வைத்தியம்தானே?

அந்த நம்பிக்கைக்கு இன்னொரு காரணம் என் அக்கா. அவள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அவள் பையனுக்குக் கிளிப் போட்டபோது அத்தானின் ஆபீஸ் பல் இன்சூரன்ஸ் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு வாழ்நாள் உச்சவரம்பு 1,500 டாலர். வருடா வருடம் புதுப்பிக்கப்படுகிற தொகை இல்லை, ஒரு பிள்ளைக்கு ஒரே தடவைதான். அதையும் ஒரே செக்காகக் கொடுக்கவில்லை. சிகிச்சை நடக்க நடக்கப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார்கள். அத்தான் நடுவில் வேலை மாறியதும் மீதித் தவணை நின்றுபோனது. இதையெல்லாம் அக்கா பிற்பாடுதான் விளக்கினாள். முதலில் என் காதில் விழுந்தது "இன்சூரன்ஸ் பாதி கொடுத்தது" என்ற வரி மட்டும்தான்.

இங்கே நிலைமை வேறு. அங்கே பல்லுக்கென்று தனி பாலிசி இருக்கிறது. நம் ஊரில் வழக்கமான மெடிக்ளெய்ம் பாலிசி ஆஸ்பத்திரியில் 24 மணி நேரமாவது அட்மிட் ஆவதை மையமாக வைத்து எழுதப்பட்டது. கிளிப் வேலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும், அட்மிஷனே கிடையாது. என் கணவரின் ஆபீஸ் குரூப் பாலிசியை எடுத்துப் படித்தோம். விபத்தில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்கிற பல் சிகிச்சை மட்டும் உண்டு, மற்றது கிடையாது என்று இருந்தது. 2020-ல் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சை உண்டே என்று ஒரு தோழி சொன்னாள். அது உண்மைதான், ஆனால் அதற்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்க வேண்டும். கிளிப்புக்கு உதவாது.

உறவினர் ஒருவர், "சைக்கிளில் விழுந்து பல் ஆடியது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிடு" என்று யோசனை சொன்னார். அது மோசடி. பிடிபட்டால் கிளெய்ம் மட்டும் போகாது, மொத்தக் குடும்பத்தின் பாலிசியே ரத்தாகலாம். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. நீங்களும் போகாதீர்கள்.

ஆனால் அதே பாலிசியின் கடைசிப் பக்கங்களில் ஓபிடி என்று ஒரு தனிப் பகுதி இருந்தது. வருடத்துக்கு 10,000 ரூபாய் வரை வெளி நோயாளிச் செலவு. பல் டாக்டர் கன்சல்டேஷன், எக்ஸ்ரே, பல் பிடுங்குவது, அடைப்பது, வேர் சிகிச்சை எல்லாம் அதில் சேர்த்தி. கிளிப் மட்டும் பெயர் சொல்லி விலக்கப்பட்டிருந்தது. கிளிப் மாட்டுவதற்கு முன்னால் என்னென்ன செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கன்சல்டேஷன் 500, தாடை முழுதும் தெரிகிற ஓபிஜி எக்ஸ்ரேயும் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் சேர்த்து 1,100, இடம் உண்டாக்க நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியதற்கு 4,000. மொத்தம் 5,600 ரூபாய்.

முதல் தடவை அனுப்பிய கிளெய்ம் திரும்பி வந்துவிட்டது. தப்பு பில்லில் இருந்தது. கிளினிக் ரிசப்ஷனில் கிளிப்புக்கான முன்பணம் 15,000-ஐயும் இந்த 5,600-ஐயும் கூட்டி, "ஆர்த்தோ சிகிச்சை, ரூ. 20,600" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆர்த்தோ, அதாவது பல் சீரமைப்பு, என்ற சொல்லைப் பார்த்ததுமே நிராகரித்துவிட்டார்கள். நான் கிளிப் போட்ட டாக்டர் மேடத்திடம் போய் நின்றேன். பல் பிடுங்கியது வேறு நாள், வேறு சர்ஜன். எக்ஸ்ரே எடுத்தது வெளியே ஒரு சென்டரில். நடந்தது நடந்தபடியே, தேதிவாரியாகத் தனித்தனி பில் வேண்டும் என்று கேட்டேன். மறுக்காமல் போட்டுக் கொடுத்தார், பிடுங்கியதற்கான காரணத்தையும் மறைக்காமல் எழுதினார். இரண்டாம் தடவை 5,600-ம் வந்துவிட்டது.

வராமல் போயிருந்தால் என்ன செய்வது என்றும் விசாரித்து வைத்திருந்தேன். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

வரியில் கழிக்கலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டதற்கு முடியாது என்று சொல்லிவிட்டார். வருமான வரியின் 80டி பிரிவில் அப்போது எங்களுக்குப் பொருந்தியது பிரீமியமும் 5,000 ரூபாய் வரை தடுப்புப் பரிசோதனையும்தான்; பிள்ளையின் சிகிச்சைச் செலவு அதில் வரவில்லை.

சரி, மீதிப் பணத்துக்கு வருகிறேன். அதிகம் தடுமாறியது இங்கேதான்.

முதலில் போன கிளினிக் பெரியது. உலோகக் கிளிப் 55,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் பத்து சதவீதத் தள்ளுபடி, 49,500. இல்லாவிட்டால் நோ காஸ்ட் இஎம்ஐ, 12 மாதம், மாதம் 4,584. "வட்டியே இல்லை மேடம்" என்று கவுன்டரில் இருந்த பெண் டேப்லெட்டை நீட்டிவிட்டாள். என் கணவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கடனின் முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்கினார். டிஜிட்டல் கடன் தருபவர்கள் அதைத் தர வேண்டும் என்று அதற்குச் சில மாதம் கழித்து, 2022 செப்டம்பரில், ரிசர்வ் வங்கி விதியே கொண்டுவந்தது. படித்துப் பார்த்தால் கடன் ஒரு நிதி நிறுவனத்துடையது. பிராசஸிங் கட்டணம் 1,500, அதன் மேல் ஜிஎஸ்டி 270. இஎம்ஐ எடுத்தால் தள்ளுபடி கிடையாது. ஆக 56,770. ரொக்கத்தைவிட 7,270 அதிகம். வட்டி இல்லை என்கிறார்கள், ஆனால் நமக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடிதான் அங்கே வட்டியாகப் போகிறது.

பணத்தைவிட இன்னொன்று எனக்குப் பெரிதாகப் பட்டது. இஎம்ஐ எடுத்தால் முழுத் தொகையும் முதலிலேயே கிளினிக்குக்குப் போய்விடும். சிகிச்சையோ இரண்டு வருடம். நடுவில் கிளினிக் மூடினாலும், டாக்டர் மாறினாலும், நம் வீட்டில் மாற்றல் வந்தாலும் கடன்காரருக்கு நாம் கட்டியே ஆக வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் ஆனது. பையனின் கிளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நிபுணர் விலகிவிட்டார், புதியவர் வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் தவணை கணக்கில் கழிந்துகொண்டே இருந்தது. மொத்தமாக முன்பணம் கட்டுகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியையும் போய்ப் பார்த்தோம். தாம்பரத்திலிருந்து பீச் ரயிலில் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான். தனியார் விலையோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. பேராசிரியர் மேற்பார்வையில் மேல்படிப்பு மாணவர்கள் செய்கிறார்கள், நேரம் எடுத்து நிதானமாகப் பார்க்கிறார்கள். அவர்களின் படிப்பு மூன்று வருடம், அதனால் முதல் வருட மாணவரிடம் ஆரம்பித்தால் பெரும்பாலும் அவரே முடித்துக் கொடுப்பார். கடைசி வருடக்காரரிடம் மாட்டினால் நடுவில் கை மாறும். எங்களுக்குத் தடையாக இருந்தது நேரம்தான். காலை ஓபி, மாதா மாதம் ஒரு நாள் பள்ளிக்கு லீவு, எனக்கும் லீவு. வீட்டில் பகலில் ஒருவர் இருக்க முடிந்தால் முதலில் அங்கேதான் போகச் சொல்வேன்.

கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் முடிவு செய்தோம். பல் சீரமைப்பு நிபுணர் மேடமே நடத்துகிறார். 48,000 ரூபாய்: மாட்டுகிற அன்றைக்கு 15,000, அப்புறம் ஒவ்வொரு மாத விசிட்டிலும் 1,500, இப்படி 22 தடவை. கடன் இல்லை, கார்டு இல்லை. வேலை நடந்தால் பணம், நடக்காவிட்டால் இல்லை. இதை லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொன்னேன். "மொத்தம் 48,000, எத்தனை மாதம் ஆனாலும்" என்று மேடம் கையால் எழுதினார்.

அந்தக் கடைசி மூன்று சொற்கள்தான் எங்களைக் காப்பாற்றின. 22 மாதத்தில் முடிய வேண்டியது 27 மாதம் ஆகிவிட்டது. பரீட்சை நேரத்தில் இரண்டு விசிட் தவறிப்போனது. ரப்பர் எலாஸ்டிக்கை நாள் முழுக்கப் போடச் சொன்னதை மகள் ஸ்கூலில் கழற்றி வைத்துவிடுவாள். கூடுதல் மாதங்களுக்கு மேடம் ஒரு பைசா கேட்கவில்லை. மாதா மாதம் இவ்வளவு என்று மட்டும் பேசி, மொத்தத்துக்கு வரம்பு வைக்காமல் ஆரம்பித்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் மூன்றாம் வருடமும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லாமல் வந்த செலவு எது என்றால், முதலில் பிராக்கெட், அதாவது பல்லில் ஒட்டுகிற சின்னத் துண்டு. பெயர்ந்து விழுந்தால் இரண்டு வரை இலவசம், அதற்கு மேல் ஒன்றுக்கு 300. முறுக்கு தின்று அந்த இரண்டு போக இன்னும் மூன்று விழுந்தது, 900. அடுத்தது ரிடெய்னர். கிளிப்பைக் கழற்றிய அன்று மேலும் கீழும் சேர்த்து 4,500 என்றார்கள். அது 48,000-க்குள் இல்லை என்று எழுத்தில் இருக்கவில்லை, இருக்கிறது என்றும் இருக்கவில்லை. நான் கேட்கத் தவறிய ஒரே கேள்வி அதுதான். இரண்டு மாதம் கழித்து மகள் மதியச் சாப்பாட்டின்போது அதைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைக்க, யாரோ குப்பை என்று போட்டுவிட்டார்கள். மேல் ரிடெய்னர் புதிதாக 2,500. வேண்டாம் என்று விட முடியாது. போடாவிட்டால் பல் மெல்லப் பழைய இடத்துக்கே நகர்ந்துவிடும்.

ஆக மொத்தம் 61,500 ரூபாய். இன்சூரன்ஸ் தந்தது 5,600. கையிலிருந்து போனது 55,900. இதில் 2023-ல் கணவர் வேலை மாறினார். புது ஆபீஸ் பாலிசியில் ஓபிடியில் பல் கிடையாது. நல்லவேளை, எக்ஸ்ரேயும் பல் பிடுங்கியதும் முதல் வருடத்திலேயே முடிந்திருந்தது.

அண்ணத்துப் புண் கிளிப் மாட்டிய எட்டாவது மாதத்திலேயே நின்றுவிட்டது. இப்போது கடித்துச் சாப்பிடுகிறாள்.

சின்னவனுக்குப் பதினொரு வயது, அவனுக்கும் கீழ்வரிசை நெருக்கம். இன்னும் பால்பல் இரண்டு விழ வேண்டும், ஒரு வருடம் பொறுங்கள் என்று மேடம் சொல்லியிருக்கிறார். போன வாரம் அவனுக்கான எஸ்டிமேட்டை வாங்கி வந்தேன். கிளிப், பெயர்ந்த பிராக்கெட், கழற்றும் கட்டணம், ரிடெய்னர், தொலைந்தால் மறு ரிடெய்னர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி, கீழே மேடத்தின் கையெழுத்து. பல் பிடுங்குவதற்கும் எக்ஸ்ரேக்கும் பில் தனியாக வரும் என்று அதிலேயே ஒரு வரி எழுதச் சொல்லி வாங்கிவிட்டேன்.