முருகைத் தொட்டிக்கு எந்த மணல்? கல்லடி மணலா, பை மணலா, வெறும் கண்ணாடியா?

மட்டக்களப்பில் கடல் தொட்டி வைக்கிறவர்களின் நிலைமை கொஞ்சம் வேடிக்கையானது. சவுக்கடியில் இருந்து கல்லடி தாண்டியும் கரை முழுக்க மணல்தான். ஆனால் முருகை (பவளம்) வளர்க்கும் தொட்டிக்கு மணல் கேட்டால், கொழும்பில் இருந்து வெளிநாட்டுப் பை ஒன்றை வரவழைக்கச் சொல்கிறார்கள். நம் கடலில் பிடிக்கும் அலங்கார மீன் விமானம் ஏறிப் போகிறது, மணல் அங்கிருந்து இங்கே வருகிறது. சும்மா கிடைக்கிறதை விட்டுவிட்டு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதனால் கரை மணலில் இருந்தே தொடங்கலாம்.

இரண்டு சிறங்கை மணல் எடுங்கள்: ஒன்று கல்லடியில், மற்றது பாசிக்குடாவில். நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் சில துளி வினாகிரி விடுங்கள். கல்லடி மணலில் பெரிதாக எதுவும் நடக்காது. இடையில் கிடக்கும் சிப்பித் துண்டு ஒன்று மட்டும் இரண்டு மூன்று குமிழி விடும். பாசிக்குடா மணலில் சிப்பியும் முருகைத் துகளும் கலந்திருப்பதால் காதருகே வைத்தால் கேட்கும் அளவுக்குப் பொரியும். பொரிவது கல்சியம் காபனேற்று, பொரியாதது குவாட்ஸ். நம் பகுதிக் கரை மணலில் பெரும்பங்கு, உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து ஆறுகளோடு வந்து சேர்ந்த குவாட்ஸ்தான்.

குவாட்ஸ் மணல் என்றதும், சிலிக்கா கரைந்து தொட்டி முழுக்கப் பழுப்புப் பாசி பிடிக்கும் என்று பயமுறுத்துவார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. குவாட்ஸ் கடல் நீரில் கரைவது மிக மிகக் குறைவு. பழுப்புப் பாசி எந்த மணல் போட்டாலும் புதுத் தொட்டியில் ஒருமுறை வந்துதான் போகும். என் குறை வேறு. மோஸ் கடினத்தன்மை அளவில் குவாட்ஸ் 7, கண்ணாடி கிட்டத்தட்ட 5.5, பை மணலாக வரும் அரகோனைட் (கல்சியம் காபனேற்றின் ஒரு வகை) 3.5 முதல் 4 வரை. கண்ணாடி துடைக்கும் காந்தத்துக்குள் ஒரு குவாட்ஸ் மணி சிக்கினால் அது கண்ணாடியைக் கீறும். அரகோனைட் மணி சிக்கினால் பெரும்பாலும் அதுதான் நொறுங்கும். தொட்டியின் கீழ் மூலைகளில் வளைவு வளைவாகக் கீறல் கண்டிருப்பீர்கள். அது இப்படி வருவதுதான்.

அப்புறம் அந்தக் கறுப்பு வரிகள். அலை வடிந்த இடத்தில் கோலம் போட்டது மாதிரிக் கிடக்குமே, அதில் இல்மனைட் போன்ற கனமான தாதுக்கள் இருக்கும். புல்மோட்டையில் அகழ்ந்து ஏற்றுமதி செய்வதும் இந்தக் குடும்பத்து மணலைத்தான். சொப்பின் பையால் சுற்றிய பலமான காந்தத்தைக் காய்ந்த கரை மணலில் இழுத்துப் பாருங்கள், கறுப்பு மணிகள் மயிர் மயிராக ஒட்டும். இந்த மணிகள் தண்ணீரைக் கெடுக்காமல் இருக்கலாம். ஆனால் தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் சுழலிக்குள் இருப்பதும் காந்தம்தான். மணிகள் அங்கே போய் ஒட்டிக்கொண்டு அச்சைத் தேய்க்கும், கரகரவென்று சத்தம் வரும், கடைசியில் மோட்டார் நின்றுபோகும்.

எங்கே, எப்போது அள்ளினோம் என்பதும் முக்கியம். மாரியில் முகத்துவாரம் வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கலங்கிக் கடலில் இறங்கும். பாலமீன்மடுப் பக்கத்து மணலில் அந்தச் சேறும் அழுகலும் கலந்திருக்கும். அப்போது அள்ளிய மணலை எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் மனம் நம்பாது.

அப்படியானால் பொரிகிற பாசிக்குடா மணலை அள்ளலாமே? இங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, கரையோர வலயத்தில் மணல் அகழ அனுமதி வேண்டும். முருகைக்கல் அகழ்வதை 1988ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்தது. சற்று வடக்கே காயாங்கேணி 2019இல் கடல்சார் சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டது. வினாகிரிச் சோதனைக்குச் சிறங்கை மணல் வேறு, தொட்டிக்குச் சாக்குக் கணக்கில் அள்ளுவது வேறு. முருகையை நேசித்துத் தொட்டி வைக்கிறவர் முருகைக் கரையைச் சுரண்டி அதை நிரப்புவதில் என்ன அர்த்தம்?

சரி, பை மணலுக்கு வருவோம். உலர்ந்த அரகோனைட்தான் என் தெரிவு, ஆனால் பையில் அச்சிட்டிருக்கும் காரணத்துக்காக அல்ல. தண்ணீரின் பிஎச் அளவை இந்த மணலே தாங்கிப் பிடிக்கும் என்று எழுதியிருப்பார்கள். அரகோனைட் கரைய வேண்டுமென்றால் தண்ணீர் அதற்குத் தக்க அளவு அமிலமாக வேண்டும். சாதாரண முருகைத் தொட்டி 7.8க்கும் 8.4க்கும் இடையில் ஓடுகிறது. அந்த நிலையில் மணல் படுக்கையின் அடியில் ஏதோ கொஞ்சம் கரையலாம், அதை நம்பிக் கல்சியமும் காரத்தன்மையும் சேர்க்காமல் விட முடியாது. அரகோனைட்டின் உண்மையான பலம் மணியின் வடிவத்தில் இருக்கிறது. உருண்டை, மென்மை, வெண்மை. அடியில் இருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், மணலைச் சலிக்கும் மீனின் வாயைக் கிழிக்காது, கண்ணாடியையும் விட்டுவைக்கும்.

அரகோனைட்டிலும் மணி அளவைப் பார்த்து வாங்க வேண்டும். சீனி போன்ற அரை மில்லிமீற்றர் மணல் பார்க்க அழகு, ஆனால் வேவ்மேக்கரைக் கொஞ்சம் கூட்டினால் ஒரு மூலையில் குன்றும் மறு மூலையில் வெறும் கண்ணாடியும்தான். பறந்த மணல் முருகையின் மேல் படிந்தால் அந்த இடத்துச் சதை செத்துப்போகும். 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை உள்ள மணி நடுத்தர ஓட்டத்துக்கு அசையாது, அழுக்கும் ஆழமாக இறங்காது. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பொடியான மணல் கட்டாயம் தேவைப்படுவது அதற்குள் புதைந்து தூங்கும் ஹாலிகோரஸ் ராஸ் போன்ற மீன்களுக்கும், மணலை வாயால் அள்ளிச் செவுளால் சலிக்கும் கோபிகளுக்கும்தான். அவற்றை வளர்க்க ஆசையென்றால் ஓட்டத்தைக் குறைக்கத் தயாராக இருங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதற்குக் கணக்கு சுலபம். 120க்கு 45 சென்றிமீற்றர் அடிப்பரப்புள்ள நாலடித் தொட்டியில் 4 சென்றிமீற்றர் உயரத்துக்குப் போட ஏறக்குறைய 21.6 லீற்றர் மணல் வேண்டும். லீற்றருக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்தால் 32 கிலோ. இது தொட்டி தாங்கும் மேசையின் மேல் ஏறும் கூடுதல் பாரம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஈரப் பையில் வரும் லைவ் சான்ட் அதே அரகோனைட்தான், பற்றீரியாவோடு விற்கிறார்கள். கப்பலில், களஞ்சியத்தில், லொறியில் வெந்து வந்த பைக்குள் உயிரோடு என்ன மிச்சம் என்று கடைக்காரருக்கும் தெரியாது. நல்ல தொட்டி வைத்திருக்கும் ஒரு நண்பரிடம், “அண்ணன், ஒரு கப் மணல் தாங்க” என்று கேட்டு வாங்கி உலர்ந்த மணலின் மேல் தூவினால் போதும். காசும் மிச்சம், புழுவும் பூச்சியும் சேர்ந்தே வரும். அவருடைய தொட்டியில் நோயோ வேண்டாத பாசியோ இல்லை என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடைத்த முருகைத் துண்டுகளையும் சில கடைகளில் நீட்டுவார்கள். வேண்டாம். துண்டுகளுக்கு நடுவே தீனி விழுந்து மீன் எட்டாத இடத்தில் அழுகும், நைத்திரேற்று ஏறிக்கொண்டே போகும்.

இனி ஆழப் படுக்கை. 10 முதல் 15 சென்றிமீற்றர் வரை பொடி மணல் போட்டு, அடியில் ஒட்சிசன் எட்டாத படையை உருவாக்கி, அங்குள்ள பற்றீரியாவை வைத்து நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக வெளியேற்றும் முறை. 1990களின் கடைசியில் இதற்குப் பெரிய மவுசு இருந்தது. வேலை செய்யும் முறைதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் வேண்டாம் என்பேன். 25 பாகையில் கடல் நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் நிற்கும், 30 பாகையில் 6.2தான். கரண்ட் போய் வேவ்மேக்கரும், அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும் நின்ற பிறகும் மணலுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான வாய்கள் சுவாசிப்பதை நிறுத்தாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்டில், தடித்த மணல் படுக்கை என்பது மீனோடு போட்டிபோட்டு மூச்சு வாங்கும் இன்னொரு விலங்கை வீட்டில் வைத்திருப்பதற்குச் சமம். ஜெனரேட்டர் உள்ளவர் துணியலாம். மற்றவர்கள் 3 முதல் 5 சென்றிமீற்றரோடு நிறுத்திக்கொண்டு, பற்றரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. ஆழப் படுக்கையைத் தெரியாமல் கிளறிவிட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு கிளம்பும் ஆபத்தும் இருக்கிறது.

எதிர்முனையில் வெறும் கண்ணாடி, அதாவது அடியில் மணலே போடாத தொட்டி. அக்ரோபோரா போன்ற கிளை முருகைகளை மட்டும் வளர்க்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை. ஓட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், எதுவும் பறக்காது. அழுக்கு ஒரு மூலையில் சேரும், குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம். மின்வெட்டிலும் மணல் தொட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் பற்றீரியா தங்க இடம் குறைவதால் பற்றீரியா குடியேறிய கல்லான லைவ் ரொக்கைத் தாராளமாகப் போட வேண்டும். ராஸ், நசாரியஸ் நத்தை, பிஸ்டல் இறாலோடு குடியிருக்கும் கோபி, இவற்றை மறந்துவிட வேண்டும். முதல் மாதங்களில் வீட்டுக்கு வருகிறவர்கள் “என்ன, மணல் போடல்லையா?” என்று கேட்பார்கள். ஊதாப் பாசி அடியில் படர்ந்த பிறகு கேட்க மாட்டார்கள்.

நாளைக்கே ஒருவர் வீட்டுக் கூடத்தில் நாலடித் தொட்டி வைத்து, கலவையாக மீனும் மென் முருகையும் வளர்க்கப் போகிறார் என்றால், 1 முதல் 2 மில்லிமீற்றர் உலர் அரகோனைட்டை 4 சென்றிமீற்றருக்குப் போடச் சொல்வேன். கிளை முருகைப் பைத்தியம் என்றால் மணலே வேண்டாம். கரை மணல்தான் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவர், முருகை இல்லாத மீன் தொட்டிக்கு, காந்தத்தால் பலமுறை அரித்து, அனுமதி விஷயத்தையும் சரிபார்த்துவிட்டுப் போடட்டும்.

எதைப் போட்டாலும் கல்லை முதலில் கண்ணாடியின் மேலேயே இருத்துங்கள், மணல் அதைச் சுற்றிப் பிறகு. மணலின் மேல் கல்லை அடுக்கினால், கோபியோ பிஸ்டல் இறாலோ அடியைத் தோண்டும் நாளில் முழு அடுக்கும் கண்ணாடியில் சாயும். உலர் மணலைத் தண்ணீர் தெளியும் வரை வாளியில் கழுவி, தொட்டிக்குள் ஒரு தட்டை வைத்து அதன் மேல் உப்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் கலங்கல் குறையும். அப்படியும் ஓரிரு நாள் பால் மாதிரித்தான் இருக்கும், ஃபில்டரில் பஞ்சை மாற்றிக்கொண்டு பொறுத்திருங்கள்.