லஃபாயெத், கியூஸ்தீன்: எல்லை தாண்டியவரும் தங்கிவிட்டவரும்

இருவருமே பிரெஞ்சுப் பிரபுக்கள். 1781இல் அமெரிக்க விடுதலைப் போரின் யார்க்டவுன் முற்றுகையில் இருவரும் போரிட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய 1789இல், மன்னர் கூட்டிய பேரவைக்குப் பிரபுக்களின் பிரதிநிதிகளாகவே வெர்சாய் சென்று, சீர்திருத்தத்தின் பக்கம் நின்றார்கள். பிரிந்தது அதன் பிறகுதான்.

லஃபாயெத் பாரிஸ் தேசியக் காவல்படையின் தளபதியானார். 1791 ஜூலையில் அவருடைய படை மக்கள் கூட்டத்தின்மீது சுட்டதும் பெயர் கெட்டது. 1792 ஆகஸ்டில் முடியாட்சி வீழ்ந்தது. கைது நெருங்கியபோது எல்லையைத் தாண்டினார். அங்கே ஆஸ்திரியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்து ஆண்டுச் சிறை. மனைவி அத்ரியென், தன் பாட்டி, தாய், அக்காள் மூவரையும் ஒரே நாளில் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். அவர் 1795இல் இரு மகள்களுடன், கணவர் இருந்த ஆஸ்திரியர்களின் ஒல்மியூட்ஸ் சிறைக்கே வந்து கணவரோடு அடைபட்டார். இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கியூஸ்தீன் தங்கினார். 1792 அக்டோபரில் ஜெர்மானிய நகரான மைன்ஸைக் கைப்பற்றிப் புகழின் உச்சியில் இருந்தார். 1793 ஜூலையில் அந்த நகரம் கைநழுவியது; தோல்வி துரோகமாக எழுதப்பட்டது. ஆகஸ்ட் 28இல் தலை போயிற்று. விசாரணை மன்றத்தில் மருமகள் தெல்ஃபீன் அருகிலேயே இருந்தார். தந்தைக்காக வாதாடிய மகனையும் அடுத்த ஜனவரியில் கொன்றார்கள்.

லஃபாயெத்தைக் கோழை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தங்கியிருந்தால் அவருக்கும் கில்லட்டின்தான் காத்திருந்தது. ஆனால் போர்த்தளபதியாக மட்டும் பார்த்தால், 1792இல் பிரான்சுக்கு வெற்றி தேடித் தந்தவர் கியூஸ்தீனே.