பழைய கிர்பி வேக்யூம் கிளீனர்: சீர்செய்து சில வருடங்கள் ஓட்டிய பிறகு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருப்பவர்களுக்கு எஸ்டேட் சேல் பழகிய விஷயம். வீட்டுப் பெரியவர்கள் காலமானாலோ முதியோர் இல்லத்துக்குப் போனாலோ, வீட்டுச் சாமான் மொத்தத்துக்கும் விலைச்சீட்டு ஒட்டிக் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். கராஜ் மூலையில் ஒரு கிர்பி கண்ணில் படுவது அங்கே அபூர்வமில்லை. நான் வாங்கியது கிர்பி கிளாசிக் 3. 1976-க்கும் 1979-க்கும் இடையில் விற்ற மாடல். இருபது டாலர் கேட்டார்கள், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன்.

அதைப் பிரித்துச் சீர்செய்து சில வருடங்கள் ஆகின்றன. எதையும் சீர்செய்த புதிதில் எல்லாமே சரியாக அமைந்த மாதிரிதான் தெரியும். எந்த வேலை நிலைத்தது, எது வெறும் ஆசைக்குச் செய்தது என்பது ஓட்ட ஓட்டத்தான் விளங்குகிறது. இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைப்பவர்களுக்கு அந்தக் கணக்கு உதவலாம்.

கிர்பி கிளீவ்லாந்தில் பிறந்த சரக்கு. ஜிம் கிர்பி என்பவர் வடிவமைத்துக் கொடுக்க, ஸ்காட் அண்ட் ஃபெட்ஸர் நிறுவனம் தயாரித்தது. கிர்பி என்ற பெயரிலேயே முதல் மாடல் வந்தது 1935-ல். கடையில் வைத்து விற்கவில்லை. வீட்டுக்கே வந்து, கார்பெட்டில் ஓட்டிக் காட்டித்தான் விற்றார்கள். எண்பதுகளில் நம் ஊரில் யூரேகா ஃபோர்ப்ஸ்காரர்கள் டை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்களே, அதே பாணி. 1986-ல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே ஸ்காட் ஃபெட்ஸரையே வாங்கிவிட்டது.

உள்ளே பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. நடுவில் மோட்டார், அதன் தண்டில் முன்பக்கமாக ஒரு விசிறி. விசிறியைத் தாண்டி நீளும் தண்டின் முனையில் ரப்பர் பெல்ட் மாட்டி, கீழே இருக்கும் உருளைப் பிரஷைச் சுழற்றுகிறார்கள். குப்பை முதலில் விசிறியில் அடிபட்டு அப்புறம்தான் பைக்குள் போகிறது. இன்றைய மெஷின்கள் பலவற்றில் குப்பை வடிகட்டியில் தங்கிவிடும், காற்று மட்டும் மோட்டார் பக்கம் வரும். இதில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கார்பெட்டில் கிடக்கும் ஒரு சில்லறைக் காசு போதும், விசிறி இதழைப் பதம் பார்த்துவிடும். என்னுடையதில் ஒரு இதழின் ஓரம் ஏற்கெனவே உடைந்திருந்தது. உடைந்த விசிறியை வைத்தே ஓட்டலாம், காற்றும் இழுக்கும். ஆனால் எடை ஒரு பக்கம் சாய்வதால் தண்டு அதிர்ந்து, பேரிங் சீக்கிரம் போய்விடும். அதனால் வேறு விசிறி வாங்கிப் போட்டேன்.

பேரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய மெஷினை ஓடும்போது கேட்டால் ஒன்றும் புரியாது, எல்லாமே இரைச்சல். ஸ்விட்சை அணைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். நல்ல பேரிங் என்றால் விசிறி சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றி மெதுவாக நிற்கும். கிரீஸ் காய்ந்த பேரிங் ஒரு கரகரப்போடு சீக்கிரமே நின்றுவிடும். என் மெஷின் இரண்டாவது ரகம். பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும், அதைச் சொன்னால் பேரிங் கடையில் அதே அளவில் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் மூடியதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தூசி உள்ளே போகாது. பழையதைச் சுத்தியால் தட்டி எடுக்காதீர்கள். புல்லர் (பேரிங்கைப் பிடித்து இழுக்கும் கருவி) மாட்டி நிதானமாக இழுத்தால் தண்டுக்குச் சேதமில்லை. நான் செய்த வேலைகளில் முதல் மார்க் இதற்குத்தான். இன்றுவரை அந்தச் சத்தம் திரும்பவில்லை.

அடுத்தது கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டை. தேய்ந்ததை மாற்றினேன், அது உரசும் செப்பு உருளையான கம்யூட்டேட்டரை நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்தேன். இந்த இடத்தில் எமரித் தாள் கூடாது, அதன் துகள் செப்புப் பட்டைகளுக்கு இடையில் சிக்கினால் வம்பு. புதுக் கார்பன் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் பழகும்வரை நீலப்பொறி கொஞ்சம் தெரியும், பயப்பட வேண்டாம். பொறி வளையம் போலச் சுற்றிலும் எரிந்தால்தான் ஆர்மேச்சரில், அதாவது மோட்டாரின் சுழலும் சுருளில், கோளாறு. அந்த நிலைமைக்கு வந்த மெஷினை நானாக இருந்தால் உதிரி பாகத்துக்கு வைத்துக்கொள்வேன்.

வயரைக் கேள்வியே கேட்காமல் மாற்றிவிடுங்கள். நாற்பது ஐம்பது வருடத்து உறை, மடிக்கிற இடத்தில் வெடித்திருக்கும். பழைய வயரையே வைத்திருந்தால்தான் அசல் என்று சில சேகரிப்பாளர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். கண்ணாடி அலமாரியில் வைப்பவர்களுக்குச் சரி. நான் வீட்டில் ஓட்டுகிறவன்.

இனி பாலிஷ். கிர்பியைத் தேடி வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள். உடம்பு முழுக்க அலுமினிய வார்ப்பு, சரியாகத் தேய்த்தால் முகம் பார்க்கலாம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கைகளுக்கு இது வேறு பாடம். சோடா உப்பு, அடுப்பு மேடை துடைக்கும் காரமான கரைசல் எதுவும் படக்கூடாது, அலுமினியம் கறுத்துவிடும். வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டு அழுக்கை எடுத்தபின், 400-ஆம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஆரம்பித்தேன். 800, 1500, 2000 என்று ஏற ஏறக் கீறல்கள் சன்னமாகிக்கொண்டே போகும். ஒரு எண்ணின் கீறலை முழுசாகப் போக்காமல் அடுத்த எண்ணுக்குத் தாவினால், கடைசியில் பளபளப்புக்கு அடியில் அந்தக் கீறல் அப்படியே தெரியும். பிறகு பஃபிங் சக்கரத்தில் இரண்டு பாலிஷ் கட்டிகள்: முதலில் சற்றுக் கரடான டிரிப்போலி, அப்புறம் நைசான வெள்ளை ரூஜ். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாக ஒரு மசி வரும், விரல் ரேகையில் ஏறினால் நாலு நாளைக்குப் போகாது. முகக்கவசம் கட்டாயம். இரும்பு அரைத்த பொறி பறக்கும் இடத்தில் அலுமினியத் தூளைச் சேரவிடாதீர்கள், தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த பளபளப்பு எத்தனை நாள் நின்றது? கைபிடிக்கும் இடங்கள் சில மாதத்திலேயே மங்க ஆரம்பித்தன. மெழுகு போட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இப்போது வருடத்துக்கு ஒருமுறை துணியில் பாலிஷ் தொட்டுத் துடைப்பதோடு சரி. பார்க்கிறவர்கள் வியப்பது பாலிஷைப் பார்த்து, மெஷின் உழைப்பது பேரிங்கால். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதைச் செய்வதென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பயன்பாட்டுக்கு வருகிறேன். கார்பெட்டில் இதை அடித்துக்கொள்ள என் வீட்டில் வேறு மெஷின் இல்லை. நவராத்திரி கொலுவுக்கு வந்தவர்கள் போனபின் ஹாலில் சுண்டல் பருப்பு, தேங்காய்த் துருவல், ஜரிகைத் துணுக்கு எல்லாம் கிடக்கும். ஒரு தடவை போய் ஒரு தடவை வந்தால் சுத்தம். உருளைப் பிரஷ் கார்பெட்டைத் தட்டி எழுப்பி இழுப்பதால், அடியில் இறங்கிய மண்கூட மேலே வந்துவிடுகிறது. காலால் மிதித்தே உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். பிரஷ் முடி தேய்ந்தால் உருளையின் முனைகளைத் திருப்பி அடுத்த எண்ணில் வைத்தால் முடி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். எழுபதுகளில் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. எடை பத்து கிலோவை ஒட்டி வரும், மாடிப்படியில் தூக்கினால் தோள் பேசும். சத்தத்துக்கு வீட்டில் எதிர்ப்பு. "என்னங்க, போன் பேசிட்டிருக்கேன்" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தால் அணைத்துவிட வேண்டியதுதான். நீளமான தலைமுடி உருளையில் சுற்றிக்கொள்ளும், அவ்வப்போது கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். சோபா இடுக்கைச் சுத்தம் செய்யக் குழாய் மாட்டுவது ஒரு சடங்கு: பெல்ட்டைச் சாவி திருப்பி விடுவித்து, முன்விளக்கு மூடியைத் தூக்கி, முகப்பைக் கழற்றி, அப்புறம்தான் குழாய். நான் அதற்குச் சின்ன மெஷின் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

பெரிய குறை பை. கிளாசிக் 3-க்கு அசலாக வந்தது உதறிக் கொட்டும் துணிப் பை. செய்தித்தாள் விரித்துக் கீழ்வாயைத் திறந்து கொட்டும்போது நைசான தூசி முகத்துக்கே வரும். ஓடும்போதும் துணி வழியாகக் கசியும். வீட்டில் ஆஸ்துமாவோ தூசி ஒவ்வாமையோ உள்ளவர்கள் இருந்தால் இதைத் துணிப்பையோடு ஓட்டவே கூடாது. காகிதப் பை பொருத்த மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன. நானும் அதற்கு மாறிவிட்டேன், துணிப் பை துவைத்து மடித்த நிலையில் பரணில் இருக்கிறது.

செலவு என்று பார்த்தால், பேரிங், கார்பன், விசிறி, வயர், பெல்ட், பாலிஷ் சாமான் எல்லாம் சேர்த்து நூறு டாலரைத் தாண்டியது. விற்றால் போட்டது வருமா என்று கேட்டால், உழைப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால் வரலாம்.

வாங்கப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், பிளக்கைச் சொருகும் முன் முகப்பைக் கழற்றி விரலால் விசிறியைச் சுற்றிப் பாருங்கள். இதழ்களை ஒவ்வொன்றாக எண்ணி ஓரம் தடவுங்கள். வயர் முழுவதையும் கையில் உருவிப் பார்த்து, நன்றாக இருந்தால் மட்டும் ஓடவிடுங்கள். கருகல் வாடை வந்தால் விட்டுவிடுங்கள். குழாய், இடுக்கு முனை முதலிய துணைச் சாமான் பெட்டி வேறெங்காவது கிடக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். பல நேரம் அது அடுத்த அறையில் தனி விலைச்சீட்டோடு இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கேட்டால் குறைத்துக் கொடுப்பார்கள்.