இன்னொரு கணினியா, கணினிக்குள் கணினியா, மேகமா? திருகோணமலையில் சிறு தொழில் செய்வோருக்கு

உப்புவெளிக் கடற்கரையோரம் இருக்கும் ஒரு சின்ன விடுதியின் கணினியைத் திறந்து பார்த்தேன். மதர்போர்டின் செம்புத் தடங்களில் பச்சை பிடித்திருந்தது. உப்புக்காற்று செய்த வேலை. நல்லவேளை, வன்தட்டு உயிரோடு இருந்தது. அறைக் கணக்கு மென்பொருளோ விண்டோஸ் 7இல் மட்டும்தான் ஓடும். அதை எழுதித் தந்தவர் இப்போது நாட்டில் இல்லை.

இன்னொரு பழைய கணினியைத் தேடி வாங்குவது முதல் வழி. செலவு குறைவுதான், ஆனால் அதையும் இரண்டு மாரிக்குள் இதே காற்று தின்றுவிடும். யுபிஎஸ்ஸும் இன்னொன்று வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பில் போடும் கடை என்றால் மட்டும் இந்த வழியைச் சொல்வேன்.

மேகக் கணினியை, அதாவது இணையம் வழியாகப் பயன்படுத்தும் தூரத்துக் கணினியை, வாடகைக்கு எடுத்தால் உப்பும் இல்லை, தூசியும் இல்லை. ஆனால் பெரிய நிறுவனங்களின் சேவையகங்கள் நமக்குக் கிட்ட என்றால் இந்தியா, சிங்கப்பூர்தான். பில் டொலரில் வரும். 2022இல் ரூபாய் சரிந்ததை நாம் மறக்கவில்லை. இணையம் அறுந்தால் கணக்கும் நின்றுவிடும். அறை முன்பதிவுத் தளத்துக்கு மேகம் சரி, கல்லாப்பெட்டிக்கு வேண்டாம்.

நான் அந்த விடுதிக்குச் செய்து கொடுத்தது மெய்நிகர் இயந்திரம், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. 16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு புதுக் கணினியை வாங்கினோம். டிஸ்க்2விஎச்டி என்ற மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியால் பழைய வன்தட்டை அப்படியே ஒரு கோப்பாக்கி, அதை மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்-வியில் ஏற்றினேன். விண்டோஸ் புரோ பதிப்பில் ஹைப்பர்-வி கூடவே வரும், ஹோம் பதிப்பில் வராது. அதைப் பார்த்து வாங்குங்கள். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதியையும் இயக்க வேண்டும்.

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு பொதுவாக நின்றுவிட்டன. அதனால் உள்ளே இருக்கும் அந்த இயந்திரத்துக்கு மட்டும் வலையிணைப்பைக் கழற்றிவிட்டேன். மின்னஞ்சல், வட்ஸ்அப் எல்லாம் வெளியே புது விண்டோஸில் ஓடுகின்றன. ஒரே பெட்டிக்குள் இந்தப் பிரிப்பு கிடைப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. எதையாவது மாற்றுவதற்கு முன் உள் இயந்திரத்தின் அப்போதைய நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாகப் பதிந்துவைத்தால், ஏதும் பிழையாகிப் போனாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

குறையும் உண்டு. உள்ளே ஏற்றும் ஒவ்வொரு விண்டோஸுக்கும் உரிமம் வேண்டும். பழைய கணினியோடு வந்த உரிமம் பெரும்பாலும் அந்தப் பெட்டியோடு முடிந்துவிடும். லினக்ஸ் என்றால் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், அந்த ஒரு பெட்டி விழுந்தால் இரண்டும் விழும். ஸ்னாப்ஷாட்டும் அதே தட்டில்தான் கிடக்கிறது, அது காப்புப்பிரதி ஆகாது.

அதனால் விடுதிக்கார அம்மா ஞாயிறு இரவுகளில் உள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதன் கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுத்து, கடலிலிருந்து தள்ளி இருக்கும் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைக்கிறார்.