வேனுக்குள் இலவம்பஞ்சு மெத்தை

மாருதி ஈகோ வேனின் பின்புறம் பலகை அடித்துப் படுக்கை அமைத்தபோது முதலில் ரப்பர் ஃபோம் மெத்தைதான் போட்டோம். மே மாத இரவில் முதுகு வெந்துவிட்டது. ஒரே வாரத்தில் அதைக் கழற்றிவிட்டு, போடிநாயக்கனூரில் ஒரு சிறிய கடையில் இலவம்பஞ்சு மெத்தை தைக்கச் சொன்னேன்.

மூன்றரை அடி அகலம், நான்கு அங்குல கனம். ஒரே மெத்தையாக வேண்டாம், மூன்று துண்டாகத் தைத்தால் பகலில் சாய்ந்து உட்காரவும் உதவும் என்று கடைக்காரப் பெரியவர்தான் சொன்னார். அந்த யோசனைக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மூன்றும் சேர்ந்து பத்து கிலோதான். என் மனைவி ஒரு கையில் ஒரு துண்டைத் தூக்கிவிடுகிறாள்.

ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறையில் தங்கிய இரவில் குளிர் பலகை வழியாக மேலே ஏறவே இல்லை. இலவம் இழையின் உள்ளே குழாய்போல வெறும் காற்றுதான்; அதனால்தான் அந்தக் கதகதப்பு.

குறையும் உண்டு. மூன்று நாள் மழையில் வேன் கண்ணாடியில் வியர்த்த நீர் உறையில் இறங்கி, ஓரத்துப் பஞ்சு கட்டிதட்டிவிட்டது. வெயிலில் போட்டுத் தட்டியதும் மீண்டும் பூரித்துவிட்டது. இந்தப் பஞ்சு சட்டென்று தீப்பற்றும் என்பதால் அடுப்பை வண்டிக்கு வெளியேதான் வைக்கிறோம். உறையைத் தனியாகக் கழற்றித் துவைக்கும்படி ஜிப் வைத்துக் கேளுங்கள். நான் கேட்க மறந்துவிட்டேன்.