பியாஸ் பள்ளத்தாக்கில் எதற்குக் காசு கொடுக்கலாம்? குலு, மணாலி ஒப்பீடு

மணாலி மால் ரோட்டில் எந்தப் பயண முகவரிடம் போனாலும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுவார்: சோலாங் புல்சரிவு, ரோத்தாங் கணவாய், ஆற்றில் ரப்பர் படகில் போகும் ராஃப்டிங், துணி இறக்கையில் தொங்கிப் பறக்கும் பாராகிளைடிங், கசோல் கிராமம். நாலு நாளில் இத்தனையையும் திணித்தால் பாதிப் பொழுது வண்டியிலேயே கழியும். இவற்றில் பல, ஒன்றுக்கு ஒன்று மாற்று. ஒன்றைப் பார்த்தவருக்கு மற்றது வேண்டியதில்லை. எதை விடுவது என்று முடிவு செய்ய முகவரின் விலைப்பட்டியல் உதவாது. எந்த மாதம் போகிறீர்கள், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்ற இரண்டும்தான் உதவும். பியாஸ் பனி உருகி ஓடுகிற ஆறு. மலைச்சரிவில் வெயில் ஏற ஏறக் காற்றும் மாறும். மே மாதத்தில் சிலிர்க்க வைக்கும் ஆறு அக்டோபர் கடைசியில் பாறை பாறையாகத் தட்டிக்கொண்டு போகும்.

ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை ராஃப்டிங்குக்கும் பாராகிளைடிங்குக்கும் இமாச்சலில் தடை. அந்த நாட்களில் யாராவது "பரவாயில்லை, நான் ஏற்பாடு செய்கிறேன்" என்றால், காப்பீடும் இல்லை, கேட்பாரும் இல்லை என்று அர்த்தம். மழைக்காலத்தில் மண்டிக்கும் குலுவுக்கும் இடையில் பண்டோ, ஔட் பக்கம் மலை சரிந்து சாலை அடைபடுவதும் வழக்கம். 2023 ஜூலை வெள்ளத்தில் குலுவுக்கும் மணாலிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையின் பல பகுதிகளை பியாஸ் அரித்துக்கொண்டு போனது. ஆகஸ்டில் டிக்கெட் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

ராஃப்டிங்: கிலோமீட்டரைக் கேட்டு ஏறுங்கள்

குலுவுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் பிர்டியில் ஏறி ஜீரியில் இறங்கும் சுமார் 14 கிலோமீட்டர் ஓட்டம்தான் இங்கே முழு ஓட்டம். நடுவில் புந்தரில் பார்வதி ஆறு வந்து கலக்கிறது. அதற்குக் கீழே நீரின் கனம் கூடி அலைகள் பெரிதாகும். வேகத்தில் இரண்டாம், மூன்றாம் தர அலைகள், அதாவது மிதமானவை. நீச்சல் தெரியாதவரும் போகலாம். ரிஷிகேஷில் கங்கையில் போனவர்களுக்கு பியாஸ் குறுகலாகத் தெரியும். ஆழம் குறைவு, பாறை அதிகம், குளிர் மிக அதிகம். அங்கே போல நடுவில் குதித்து மிதக்கும் விளையாட்டெல்லாம் இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

சாலையோரத்தில் நிறுத்தி விற்பவர்கள் பெரும்பாலும் விற்பது குட்டை ஓட்டம். உட்கார்ந்து துடுப்பைப் பிடிப்பதற்குள் கரை வந்துவிடும். அதனால் விலை பேசும் முன், "எங்கே இறக்கிவிடுவீர்கள், திரும்பி வர ஜீப் உண்டா, வீடியோவுக்குத் தனிக் காசா" என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். ஜீரி என்று பதில் வந்தால் பேசலாம்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக் கொக்கிகளைப் பூட்டிய பிறகு, இன்னொருவரை இரண்டு தோள்பட்டைப் பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தளர்வு. தண்ணீரில் அது உங்களைத் தாங்காமல் தான் மட்டும் மிதக்கும். சிறுவர் அளவு ஜாக்கெட் இல்லையென்றால் பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம். படகில் உட்காரும்போது, முன்னால் இருக்கும் காற்றுக் குழாயின் அடியில் ஒரு காலைச் செருகிக்கொள்ள வேண்டும். துடுப்பின் நுனியில் இருக்கும் குறுக்குக் கைப்பிடியை உள்ளங்கையால் மூடியே பிடிக்க வேண்டும். இந்தப் பயணத்தில் உடைவது பெரும்பாலும் பாறை மோதி அல்ல, பக்கத்தில் இருப்பவரின் கைப்பிடி முகத்தில் மோதித்தான்: பல்லும் உதடும்.

தவறி விழுந்தால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, பாதம் நீர்மட்டத்துக்குத் தெரிகிற மாதிரி மிதக்க வேண்டும். முழங்காலளவு நீர்தானே என்று எழுந்து நின்றால் பாறை இடுக்கில் பாதம் மாட்டும்; பின்னால் வரும் நீர் ஆளை முன்னால் கவிழ்த்து அமுக்கிவிடும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனம், காயவும் காயாது. கண்ணாடி போடுபவர்கள் கயிறு கட்டிக்கொள்ளவும்.

மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம்வரை நீர் நிறைவாக இருக்கும். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் தெளிந்த நீர், சாதுவான அலை. முதல்முறை போகும் குடும்பங்களுக்கு அதுதான் சரி.

உண்மையில் இந்தப் பள்ளத்தாக்கில் ராஃப்டிங்கைவிட ஆபத்தானது, காசில்லாமல் கிடைக்கும் ஒரு பொழுதுபோக்கு: ஆற்றுக்குள் இருக்கும் பாறையில் ஏறிப் படம் எடுப்பது. 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது, தலௌட் அருகே ஆற்றில் இறங்கியிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரையும் பயண ஏற்பாட்டாளர் ஒருவரையும் பியாஸ் அடித்துச் சென்றது. மேலே மழை பெய்தாலும், நீர்மின் நிலையம் மதகைத் திறந்தாலும், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறும். படகில் போகிறவருக்கு ஜாக்கெட்டும் வழிகாட்டியும் உண்டு, பாறையில் நிற்பவருக்குச் செல்போன் மட்டும்தான்.

பறப்பது: டோபியா, சோலாங்கா?

இரண்டும் பாராகிளைடிங்தான் என்றாலும் கிடைக்கும் சரக்கு வேறு. சோலாங் மணாலியிலிருந்து 13 கிலோமீட்டர். அங்கே மலிவாக விற்பது புல்சரிவின் பாதியிலிருந்து கிளம்பி அதே மைதானத்தில் இறங்கும் தாழ்ந்த பறத்தல். ஓரிரு நிமிடத்தில் முடிந்துபோகும். ரோப்வேயில் சுமார் 3,200 மீட்டர் உயரம்வரை போய் அங்கிருந்து பறப்பது தனி விலை. பனிமுகடுகள் முகத்துக்கு நேரே தெரிவது அதில் மட்டும்தான்.

டோபி, குலுவுக்கு வடக்கே ராய்சன் பக்கம். ஜீப்பில் மலை ஏறி, அகன்ற பள்ளத்தாக்கின் மேல் பறந்து, ஆற்றங்கரைச் சமவெளியில் இறங்கலாம். கீழே ஆப்பிள் தோட்டங்களும் பியாஸும் தெரியும், பனிமலை தூரத்தில். காற்றில் இருக்கும் நேரத்துக்குக் கொடுக்கும் காசு என்று பார்த்தால், சோலாங்கின் தாழ்ந்த பறத்தலைவிட டோபி எவ்வளவோ மேல். சோலாங்கின் உயரப் பறத்தலோடு ஒப்பிட்டால் முடிவு மாதத்தைப் பொறுத்தது. மார்ச், ஏப்ரலில் மேலே பனி இருக்கும்போது சோலாங். அக்டோபர், நவம்பரில் காற்று நிதானமாகி வானம் துடைத்த மாதிரி இருக்கும்போது டோபி. மே, ஜூனில் இரண்டு இடத்திலும் நண்பகலுக்கு மேல் வெப்பக் காற்று குதிக்கும். பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும் காற்றும் சேர்ந்தால் வாந்தி நிச்சயம். காலை பத்து, பதினொன்றுக்குள் முடித்துவிடுவது நல்லது.

டோபியைப் பரிந்துரைக்கும்போது சொல்லியே ஆக வேண்டியது: 2019 நவம்பரில் தேனிலவுக்கு வந்த சென்னை இளைஞர் ஒருவரும், 2024 பிப்ரவரியில் தெலங்கானாவிலிருந்து வந்த பெண் ஒருவரும் அங்கே பறக்கும்போது கீழே விழுந்து இறந்தார்கள். இரண்டிலும் பேசப்பட்டது பெல்ட் பூட்டு. ஆகவே பைலட்டை நம்பினாலும் பூட்டை நீங்களே பாருங்கள். தொடைக்கு இரண்டு, மார்புக்கு ஒன்று என்று பட்டைகளை எண்ணி, ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் இருக்கையை இறக்கையோடு இணைக்கும் இரண்டு காராபினர்களும் (உலோக வளையக் கொக்கிகள்) திருகி மூடியிருக்க வேண்டும். ரிசர்வ் பாராசூட் எங்கே என்று கேளுங்கள். கை வைத்துக் காட்டத் தெரியாதவரோடு பறக்க வேண்டாம். பைலட்டின் உரிமத்தைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

கிளம்பும்போது நடக்கும் பொதுவான தவறு, நாலடி ஓடியதும் உட்கார்ந்துவிடுவது. இறக்கையில் காற்று முழுதும் நிறையும் முன் பாரம் கீழே இழுத்தால் இருவரும் சரிவில் உரசிக்கொண்டு போவார்கள். கால் தரையை விட்ட பிறகும் ஓடிக்கொண்டே இருங்கள். பைலட் சொன்ன பிறகே உட்கார வேண்டும். இறங்கும்போது பெரும்பாலும் காலை நீட்டித் தூக்கச் சொல்வார்கள். கணுக்கால் சுளுக்குவது, அதைக் கேட்காமல் தரையைக் காலால் தேடுகிறவர்களுக்கு.

ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால்? மே, ஜூனில் ஆறு. அக்டோபரில் வானம். முதுகுவலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இரண்டும் வேண்டாம்.

ரோத்தாங்கா, சிஸ்ஸுவா?

சிஸ்ஸு, ரோத்தாங் கணவாய்க்கு அந்தப்புறம் லாஹௌல் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கும்வரை இந்தக் கேள்வியே கிடையாது. 9.02 கிலோமீட்டர் சுரங்கம். உள்ளே நுழைந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் லாஹௌல் பக்கம் வெளியே வந்துவிடலாம். மணாலியிலிருந்து சிஸ்ஸுவுக்குச் சுமார் 40 கிலோமீட்டர், அனுமதிச் சீட்டு வேண்டாம். ரோத்தாங் 51 கிலோமீட்டர், 3,978 மீட்டர் உயரம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி நாளொன்றுக்கு 800 பெட்ரோல் வண்டி, 400 டீசல் வண்டி என்று கட்டுப்பாடு. செவ்வாய்க்கிழமை சாலைப் பராமரிப்புக்காக மூடல். அனுமதிச் சீட்டு ஒரு குறிப்பிட்ட வண்டிக்கும் ஒரே ஒரு தேதிக்கும் உரியது. டாக்ஸிக்காரர் காட்டும் சீட்டில் அந்த இரண்டையும் சரிபாருங்கள். குலாபா சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பினால் நாளும் போச்சு, முன்பணமும் போச்சு.

ஜனவரி முதல் மார்ச்வரை கேள்விக்கு இடமில்லை. ரோத்தாங் மூடியிருக்கும்; பனிக்கு சிஸ்ஸுதான். சில ஆண்டுகளில் ஜனவரி பிற்பாதியிலிருந்து உள்ளூர்த் திருவிழாக் காலத்தில் ஊரார் சுற்றுலாவை நிறுத்திவைப்பார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்பவும். கடும் பனி பொழிந்தால் சுரங்கத்துக்குப் போகும் சாலையில் நான்கு சக்கர இயக்க வண்டிகளை மட்டும் விடுவதுண்டு. மே, ஜூனில் நிலைமை தலைகீழ்: சிஸ்ஸுவில் பச்சை வயலும் அருவியும் சந்திரா ஆறும் இருக்கும், பனி மலை உச்சியில்தான். தொட்டு விளையாடப் பனி வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ரோத்தாங்தான். ஜூலை, ஆகஸ்டில் ரோத்தாங் மேகத்துக்குள் மறைந்திருக்க, மலைக்கு அந்தப்புறம் மழை மறைவுப் பகுதியான லாஹௌலில் வெயிலடிக்கும். சுரங்கத்தின் ஒரு வாயில் ஈரமாகவும் மறு வாயில் காய்ந்தும் இருப்பதைப் பார்ப்பதற்கே அந்தப் பயணம் தகும்.

உடம்பு என்ன சொல்லும் என்பதையும் பாருங்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர். இரண்டு மூன்று மணி நேரத்தில் அங்கிருந்து கிட்டத்தட்ட இருமடங்கு உயரத்துக்கு ஏறுவது ரோத்தாங் பயணம். டில்லியிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்கிய அன்றே போகிறவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். குறைந்தது ஓர் இரவு மணாலியில் தங்கிவிட்டுப் போங்கள். மேலே பனியில் ஓடாதீர்கள். தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் மாத்திரை தேடாமல் வழியில் இருக்கும் மர்ஹிக்கும் கீழே இறங்குங்கள். சிஸ்ஸு 3,100 மீட்டர் அளவில்தான் என்பதால் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அதுவே தேவலை.

வழியில் ஓட்டுநர் நிறுத்தும் கோட்டு, பூட்ஸ் வாடகைக் கடை இரண்டு பாதைக்கும் பொது. சிஸ்ஸுவுக்கு ஜூனில் அது தேவையே இல்லை. ரோத்தாங்குக்கு எடுப்பதானால் பூட்ஸுக்குள் கையை விட்டு ஈரம் பாருங்கள், முந்தின நாள் பனி இன்னும் உள்ளேயே இருக்கும்.

நடக்கிறவர்களுக்கு

அரை நாள்தான் இருக்கிறதென்றால் ஜோகினி அருவி. மணாலியை ஒட்டிய வசிஷ்ட் கோயிலிலிருந்து ஆப்பிள் தோட்டம் வழியே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அடிக்குளத்தோடு திரும்பிவிடலாம், மேலே ஏறும் பாறை ஈரத்தில் வழுக்கும். திரும்பி வந்து வசிஷ்டின் வெந்நீர்க் குளத்தில் காலை நனைத்துக்கொள்ளலாம்.

வெந்நீர் ஊற்றுக்காகவே நடப்பவர்கள் பார்வதிப் பள்ளத்தாக்கில் கீர்கங்காவுக்குப் போகிறார்கள். பர்ஷைனிவரை பேருந்து, அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர், நாலிலிருந்து ஆறு மணி நேரம், ஏறக்குறைய 2,960 மீட்டர். இரண்டு பாதைகள் உண்டு. நக்தான் கிராமம் வழியாகப் போவது தெளிவானது. டீக்கடைகளும் ருத்ரநாக் அருவியும் வழியில் வரும். கல்கா வழி அடர்ந்த காட்டுக்குள், கிளைத்தடங்கள் நிறைய. ஆட்கள் வழி தவறுவது பெரும்பாலும் அங்கேதான், அதுவும் மாலையில் தனியாக இறங்கும்போது. போகும்போது நக்தான், வரும்போது கல்கா என்று அழகு பார்க்காதீர்கள். இரண்டுக்கும் நக்தானே போதும். பர்ஷைனியில் காலை பத்து மணிக்குள் கிளம்பாவிட்டால் மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

பியாஸ் குண்ட் வேறு ரகம். சோலாங்கைத் தாண்டி துண்டிவரை ஜீப், பிறகு பக்கர்தாச் புல்வெளியில் கூடாரம், மறுநாள் பாறைக்குவியல் மேல் ஏறி ஆற்றின் பிறப்பிடம். குண்ட் (குளம்) சின்னது, ஏரியை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். ஹனுமான் டிப்பாவும் ஃபிரெண்ட்ஷிப் சிகரமும் சூழ நிற்கும் பனிச்சுவருக்காகப் போகிறவர் ஏமாற மாட்டார். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். பகல் வெயிலில் பனி உருகி, காலையில் கணுக்காலளவு இருந்த ஓடை பிற்பகலில் தொடையளவு வரும். மே நடுவிலிருந்து அக்டோபர்வரைதான் பருவம். ஜூன் தொடக்கம்வரை பாறைக்கு மேல் பனி கிடக்கும், அதனால் சாதாரண ஷூ போதாது.

கூட்டமே பிடிக்காது என்பவர்கள் குலுவுக்கே வர வேண்டாம். மண்டியிலிருந்து வரும்போது ஔட் சுரங்கத்துக்கு முன்பே பஞ்சார் சாலையில் திரும்பினால் தீர்த்தன் பள்ளத்தாக்கு. ராஃப்டிங்கும் பாராகிளைடிங்கும் தேடி அங்கே போக வேண்டாம். டிரௌட் மீன் பிடிக்கலாம், ஆனால் மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும், நவம்பர் முதல் பிப்ரவரிவரை தடை. 2014-இல் உலக மரபுச் சின்னமான கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவின் வாயிலுக்கு குஷைனி வழியாகப் போகலாம். சுமார் 3,120 மீட்டர் உயரத்தில் ஜலோரி கணவாய். அங்கிருந்து செரோல்சர் ஏரிக்கு ஐந்து கிலோமீட்டர் காட்டுப்பாதை, ஏற்றம் குறைவு, பிள்ளைகளும் நடப்பார்கள். கணவாய்க்கு ஏறும் கடைசிச் சில கிலோமீட்டர் செங்குத்து. ஆள் நிறைந்த சிறிய கார்கள் முதல் கியரிலும் திணறும், இரண்டு பேரை இறக்கி நடக்கவிட்டால் வண்டி ஏறிவிடும்.