பக் நாய்க்கு ஸ்லோ ஃபீடர் (மெதுவாகச் சாப்பிட வைக்கும் கிண்ணம்): இரண்டேகால் வருடம் பயன்படுத்திய பிறகு

எங்கள் பூந்திக்கு ஒரு வயது இருக்கும்போது ஒருநாள் போனில் நேரம் பார்த்தேன். 60 கிராம் உலர் தீவனம், 38 விநாடியில் காலி. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நான் கை கழுவி வருவதற்குள் நக்கித் துடைத்துவிட்டிருந்தாள். அதன்பின் தொண்டையில் கர்கர் என்று சத்தம். பத்து நிமிடத்தில் தலையைக் குனிந்து, தின்றதை அப்படியே கக்கிவிட்டாள். மென்ற அடையாளமே இல்லை, ஒவ்வொரு தீவன உருண்டையும் முழுசாகக் கிடந்தது. வாரத்தில் நாலைந்து முறை இப்படி நடந்தது.

கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது வீடியோ. வாந்தி என்றால் வயிறு எக்கி எக்கி வரும். கைக்குழந்தை பால் கக்குவதுபோல எந்த முயற்சியும் இல்லாமல் வந்தால் அது உணவுக் குழாயிலிருந்தே திரும்புவது. இரண்டுக்கும் காரணம் வேறு என்பதால் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்றும் மனதில் நிற்கிறது: “வேகமா சாப்பிடுறது ஒரு பக்கம் இருக்கட்டும்மா. இவ மூச்சு விட இடமில்லாம சாப்பிடுறா. அதைத்தான் முதல்ல பாக்கணும்.”

பக், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் என்று தட்டை முக நாய்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மண்டையோடு குட்டையாகிவிட்டது, உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மேலண்ணத்தின் மென்மையான பகுதி நீண்டு தொண்டையில் தொங்கும். மூக்குத் துளை பலவற்றுக்கு ஒரு கீற்றுதான். மூக்கு போதாததால் வாயால் மூச்சு விட வேண்டும், அந்த வாயில் சாப்பாடு. ஒரு விழுங்கு, ஒரு இழுப்பு என்று மாறி மாறிப் போகும்போது காற்றும் சேர்ந்து வயிற்றுக்குப் போகிறது. மூச்சை இழுக்கப் பாடுபடும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் இழுவிசை, வயிற்றில் இருப்பதையும் மேலே இழுக்கிறது. 2003-இல் பக் நடித்து வந்த ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்துக்குப் பிறகு நம்மூரில் எத்தனையோ வீடுகளுக்கு பக் வந்தது. இந்த விஷயத்தை நாய்க்குட்டியோடு சேர்த்து யாரும் சொல்லித் தந்ததில்லை. எங்களுக்கும் சொல்லவில்லை.

அன்று இரவே ஆன்லைனில் ஒரு ஸ்லோ ஃபீடர் வாங்கினேன். பச்சை பிளாஸ்டிக், சுருள் சுருளாக உயரமான தடுப்புகள், 480 ரூபாய். 38 விநாடி 14 நிமிடம் ஆனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் நாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். பூந்தியின் முகம் முழுவதும் தடுப்புகளின்மேல் அழுந்தியிருந்தது. மூக்கு ஒரு சுவரில் முட்டி மூடிக்கொள்ள, நாக்கு அடிவரை எட்டவில்லை. பக்குக்குக் கீழ்த்தாடைதான் முன்னால் நிற்கும், அந்தக் கீழ்ப்பற்கள் பிளாஸ்டிக்கைச் சுரண்டிக்கொண்டே இருந்தன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விலகிப் போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தாள். 14 நிமிடம் அவள் நிதானமாகச் சாப்பிடவில்லை, போராடியிருக்கிறாள். ஒரு வாரத்தில் மோவாயில் சிவப்புத் தடிப்பு. இடது கண்ணில் ஓயாமல் நீர். மருத்துவர் கண்ணில் சாயம் விட்டுப் பார்த்தபோது கருவிழியில் சின்னக் கீறல் தெரிந்தது. பத்து நாள் சொட்டு மருந்து. அந்தத் தடுப்புதான் கீறியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இந்த நாய்களுக்குக் கண் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அதைக் காக்க முன்னால் நீண்ட மூக்கு கிடையாது. முகத்தைப் புதைத்துத் தின்ன வேண்டிய எதையும் அன்றிலிருந்து அவள் முன் வைப்பதில்லை.

அதே பச்சைக் கிண்ணத்தைக் கருப்பனுக்கு வைத்தேன். கருப்பன் எங்கள் நாட்டு நாய், நீண்ட மூக்கு. அவனுக்கு அது மிக நன்றாகப் பொருந்தியது, இன்றும் அதில்தான் சாப்பிடுகிறான். கிண்ணத்தில் குறையில்லை, அது வேறு முகத்துக்காகச் செய்தது.

அடுத்த கொஞ்ச நாள் வீட்டில் இருந்ததை வைத்தே பார்த்தோம். அகலமான எவர்சில்வர் தட்டின் நடுவில் ஒரு டபராவைக் கவிழ்த்து, சுற்றி வட்டமாகத் தீவனத்தைப் பரப்பினேன். ஒன்றரை நிமிடம் ஆனது. செலவில்லாமல் தொடங்க நினைப்பவர்களுக்கு இது நல்ல வழி. தட்டுக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. சிலர் கூழாங்கல் போடச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அவசரத்தில் கல்லையும் விழுங்கிவிடும்.

பிறகு அம்மாதான் பரணிலிருந்து பழைய குழிப்பணியாரக் கல்லை எடுத்துத் தந்தார். ஏழு குழி, கனத்த இரும்பு, நாய் முட்டினாலும் அசையாது. குழி அதிக ஆழமில்லை, விளிம்பு உருண்டை, கண்ணில் குத்த எதுவுமில்லை. ஏழு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனம் போட்டோம். ஒரு குழியை முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள், ஒரு மூச்சு விட்டாள், அடுத்த குழிக்குப் போனாள். மருத்துவர் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது அந்த நொடியில்தான். இவளுக்கு வேண்டியது தடை இல்லை, இடைவெளி. முடிக்க நாலு நிமிடம் எடுத்தாள், தொண்டைச் சத்தம் பாதிக்குமேல் குறைந்தது.

பணியாரக் கல்லுக்கும் கட்டுப்பாடு உண்டு. தயிர் சாதம் வைத்தால் இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும், எனவே உலர் தீவனம் மட்டும். கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் துரு. நான்ஸ்டிக் கல்லில் பூச்சு உரிந்திருந்தால் கூடவே கூடாது.

எட்டாவது மாதத்தில், தட்டை முக நாய்களுக்கென்றே செய்த சாய்வுக் கிண்ணம் ஒன்றை 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். நாயின் பக்கம் சரிந்திருக்கும், தடுப்புகள் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம்தான், முனைகள் மழுங்கலானவை. சரிவினால் தீவனம் தானாக முன்னால் வந்து சேர்கிறது, கழுத்தை மடக்கத் தேவையில்லை. மூன்றரை முதல் ஐந்து நிமிடம். அடியில் உள்ள ரப்பர் வளையம் ஒருமுறை கழன்றது, ஒட்டிவிட்டேன். மற்றபடி ஒன்றரை வருடமாகத் தினமும் இதுதான். வாங்கும்முன் ஒன்று பாருங்கள்: தடுப்புகளுக்கு நடுவில் உங்கள் இரண்டு விரல் தாராளமாகப் போய்வர வேண்டும். தடுப்பின் உயரம் உங்கள் நாயின் மூக்கு நீளத்தைவிட அதிகமாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஈரமான சாப்பாட்டுக்கு சிலிக்கோன் நக்கு விரிப்பு வைத்திருக்கிறேன். தயிர் சாதம், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் இரண்டும் அதில் நன்றாக ஒட்டும். கத்திரி வெயிலில் ஒரு மணிநேரம் ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கிறேன். இந்த நாய்களால் மூச்சிரைத்து உடல் சூட்டை எளிதில் தணித்துக்கொள்ள முடியாது. வேர்க்கடலை வெண்ணெய் தடவுபவர்கள் டப்பாவில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பாருங்கள், அது நாய்க்கு விஷம். எங்கள் முதல் விரிப்பின் ஓரத்தைப் பத்து மாதத்தில் கடித்துப் பிய்த்துவிட்டாள், உடனே தூக்கிப் போட்டோம். சாப்பிட்டதும் விரிப்பை எடுத்துவிட வேண்டும்.

சுத்தம் பற்றி யாரும் எழுதுவதில்லை, தினசரி வேலை அதுதான். தடுப்பு வைத்த எந்தப் பாத்திரத்திலும் மூலையில் ஒரு பருக்கை தங்கும், அரை மணியில் எறும்பு வரிசை வந்துவிடும். பால்புட்டி கழுவும் பிரஷ்தான் உள்ளே நுழைகிறது. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் தயிர் வாடை போகவே போகாது, அதிலிருந்துதான் மோவாய்த் தடிப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று மருத்துவர் நினைக்கிறார். கிண்ணத்தைக் கழுவும் அதே நேரத்தில் பூந்தியின் முக மடிப்புகளையும் ஈரப் பஞ்சால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கிறேன். மடிப்பில் சோறு தங்கினால் புண்ணாகிவிடும்.

இனி பலன். கக்குவது வாரம் நாலைந்திலிருந்து மாதம் ஒன்று என்று குறைந்திருக்கிறது. இதில் கிண்ணத்தின் பங்கு எவ்வளவு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கருப்பனையும் பூந்தியையும் தனித்தனி அறையில் சாப்பிட வைத்த நாளிலேயே வேகம் கண்கூடாகக் குறைந்தது. பக்கத்தில் இன்னொரு வாய் இருக்கிறது என்ற பயமே பாதிக் காரணம். எடை 9.4 கிலோவிலிருந்து 8 கிலோவுக்கு வந்தது அளந்து போட்டதால்தான். இரண்டு வயதில் மூக்குத் துளையை அகலப்படுத்தும் அறுவை செய்தோம், அதன்பிறகுதான் சாப்பிடும்போது வாயை மூடி மெல்லவே பழகினாள். ஸ்லோ ஃபீடர் மூச்சுக் கோளாறை மாற்றாது. பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பும் 2019-இல் கொண்டுவந்த மூச்சுத் தர அளவீட்டில், நாயை மூன்று நிமிடம் வேகமாக நடக்கவிட்டு முன்னும் பின்னும் மூச்சுச் சத்தத்தைக் கேட்பார்கள். அதைப் படித்த பிறகு நானும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் காதை வைத்துக் கேட்கப் பழகிக்கொண்டேன். புதிய கிண்ணத்தில் நேரம் கூடி, சத்தமும் கூடினால் அது உங்கள் நாய்க்கானது அல்ல. நாக்கு நீலமாவது, மயங்கி விழுவது, கக்கிய மறுநாள் இருமலும் காய்ச்சலும் என்று எதைக் கண்டாலும் கிண்ணத்தை மறந்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். கக்கியது நுரையீரலுக்குள் போயிருக்கலாம்.

இப்போது காலை ஐந்தரைக்கும் இரவு ஏழரைக்கும் சாப்பாடு. பூந்திக்கு அடுக்களையில் சாய்வுக் கிண்ணம், கருப்பனுக்குப் பின்வாசலில் பச்சைக் கிண்ணம், நடுவில் சாத்திய கதவு. பணியாரக் கல் ஞாயிற்றுக்கிழமைக்கு. அதை எடுக்கும் சத்தம் கேட்டாலே வாலை ஆட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.